பத்தாவதோடு பசி நின்றுவிடுமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கள் படித்த அதே பள்ளியில்தான் சேர்கிறார்கள். அதே வாசல், அதே வேப்பமரம், அதே தலைமையாசிரியர். ஜூனில் வகுப்பறை மாறுகிறது. கூடவே இன்னொன்றும் மாறுகிறது. கோடை விடுமுறைக்கு முன்புவரை மதிய மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போன பிள்ளைக்கு இப்போது அங்கே வேலையில்லை. சோறு அதே அடுப்பில்தான் வேகிறது, கரண்டியோடு நிற்பவரும் அதே சமையலர்தான். பதிவேட்டில்தான் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. இரக்கமுள்ள சத்துணவு அமைப்பாளராக இருந்தால் மீந்ததைக் கூப்பிட்டுப் போடலாம். தணிக்கைக்கு வருபவர் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்ட் மாத விரிவாக்கத்திலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பள்ளியில் சோறு போடுவதில் நாடே நம்மிடம் கற்றுக்கொண்டது என்று பேசுகிறோம். பேசலாம், உண்மைதான். ஆனால் அந்தப் பெருமைக் கணக்கில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இல்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், பிளஸ் டூ கடைசித் தேர்வு வரை மதிய உணவு கிடைக்க வேண்டும்.

இந்தப் பத்தாம் வகுப்பு எல்லை எங்கிருந்து வந்தது? யாராவது உட்கார்ந்து, பதினாறு வயதில் பசி அடங்கிவிடும் என்று ஆராய்ந்து போட்டதில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி 1920 செப்டம்பரில் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவு கொடுப்பது என்பது முடிவு. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. தொடக்கக் கல்விக்கான நிதியை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்துவிட, 1925-இல் திட்டம் நின்றது. மறுபடி தலைகாட்டியபோது ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியிருந்தது. படிப்புக்கான பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா என்ற அந்தக் கேள்வி நூறு ஆண்டுகளாக நம்மைவிட்டுப் போகவில்லை. ஆட்சிகள் மாறினாலும் நிதித்துறையின் குரல் மாறுவதில்லை.

1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது அரசிடம் பணமில்லை. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். அரிசி, பருப்பு, விறகு என்று ஊரார் கொடுத்ததில் உலை கொதித்தது. அரசு மானியம் பின்னால்தான் வந்தது. அப்போதும் அது தொடக்கப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கான திட்டம். யார் ஏழை என்று பொறுக்கியெடுக்கும் வேலை இருந்தது.

அந்த வேலையை ஒழித்தவர் எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம், முதலில் கிராமப்புறத்தில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984 செப்டம்பரில் பத்து முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. நாம் இன்று கட்டிக்கொண்டிருக்கும் எல்லை இதுதான். 1984-இல் அது பிழையான எல்லையும் இல்லை. பிளஸ் டூ முறையே தமிழ்நாட்டுக்கு 1978-இல்தான் வந்தது. மேல்நிலைப் பள்ளிகள் குறைவு. கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை பத்தாவது எட்டுவதே பெரிய காரியமாக இருந்த காலம். பதினைந்து வயது வரை சோறு என்றால், ஏழைப் பிள்ளையின் பள்ளி வாழ்க்கை முழுவதற்கும் சோறு என்றுதான் அன்றைக்கு அர்த்தம்.

இன்றைக்கு அப்படியில்லை. உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தில், 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாடு 47 சதவீதத்தில் நிற்கிறது. நாட்டின் சராசரியோ 28-ஐ ஒட்டித்தான். அந்த 47-க்குள் வருகிறவர்களில் ஏராளமானோர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துப் போனவர்கள். பிள்ளைகள் இரண்டு வகுப்பு கூடுதலாக ஏறி வந்துவிட்டார்கள், அடுப்பு மட்டும் 1984-லேயே நிற்கிறது.

இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் தட்டில் என்னென்னவோ சேர்ந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-இல் அது வாரம் ஒன்றானது, 2010-இல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். 2013-இல் ஜெயலலிதா கலவை சாதங்களைக் கொண்டுவந்தார்: காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலைப் புலாவ், கறிவேப்பிலை சாதம், மிளகு முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024-இல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் போனது. தமிழக அரசியலில் ஒரு கட்சி கொடுத்ததை இன்னொரு கட்சி பிடுங்காத அபூர்வமான விஷயம் இது. கூட்டத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் பதினைந்து வயது என்ற அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை.

உடம்பின் கணக்கோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3,320 வேண்டும். அதே வயதுப் பெண் பிள்ளைக்கு 2,500. கோட்டையில் அமர்ந்து கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியைவிட பிளஸ் ஒன் பையனுக்கு ஒன்றரை மடங்கு உணவு தேவை. வாழ்நாளில் உடம்பு அதிகம் கேட்கும் வயது எதுவோ, சரியாக அந்த வயதில் நாம் தட்டை எடுத்துவைத்துவிடுகிறோம்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், பிளஸ் டூ மாணவிகளுக்கும் சேர்த்து. சோறு சாப்பிட்ட பிறகே அந்த மாத்திரையைப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். ஆக, பிளஸ் ஒன் மாணவிக்கு அரசு மாத்திரை தருகிறது, அதற்கு முன்னால் சாப்பிட வேண்டிய சோற்றைத் தருவதில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு திட்டத்தின் ஓட்டையைக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருப்பதாக, இந்தியத் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. அது தொடக்கப் பள்ளி உணவைப் பற்றிய ஆய்வு. ஆரம்பப் பள்ளியில் தின்ற சோறே அடுத்த தலைமுறை வரை எட்டுகிறது என்றால், பிரசவத்துக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ள பெண்ணின் சோற்றை எந்த நியாயத்தில் நிறுத்துகிறோம்?

‘பெரிய பிள்ளைகள்தானே, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரட்டும்’ என்று ஒரு பதில் உண்டு. கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வரட்டும். ஆனால் மேல்நிலைப் பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை, அதற்கு முன்பே களையெடுக்கவோ மில் வேலைக்கோ கிளம்பிவிடும் தாய். அந்த வீட்டில் டிபன் பாக்ஸில் என்ன இருக்கும்? பழைய குழம்போடு ஒரு பிடி சோறு இருந்தால் உண்டு. பிளஸ் டூ என்றால் மாலையில் சிறப்பு வகுப்பு வேறு. மூன்று மணிக்கு இயற்பியல் பாடத்தில் தூங்கி விழும் பையனைச் சோம்பேறி என்று திட்டும் முன் அவன் கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று கேட்கலாம்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. பஸ் பாஸ் தருகிறது. பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறது. பாடப்புத்தகம் தருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போனால், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டங்கள். பள்ளியைத் தாண்டிய பிறகு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் தரத் தயாராக இருக்கும் அரசு, தாண்டுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் மதியச் சோற்றுக்கு யோசிக்கிறது.

எவ்வளவு ஆகும்? போட்டுப் பார்ப்போம். பிரதமர் போஷண் திட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவருக்கு, அரிசி நீங்கலாக, காய், பருப்பு, எண்ணெய், எரிபொருள் உள்ளிட்டவற்றுக்கு 2025 மே முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை ஒரு வேளைக்கு 10 ரூபாய் 17 காசு. தொடக்கப் பள்ளிக்கு 6 ரூபாய் 78 காசு. (இந்தத் தொகையில் ஒரு டீயும் வடையும் வாங்க முடியுமா என்று டெல்லியில் யாரும் கேட்பதில்லை போலும்.) பிளஸ் ஒன் பிள்ளைக்கு முட்டையும் சேர்த்து, கொஞ்சம் கையை நீட்டியே, இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 220 பள்ளி நாட்களுக்கு ஒருவருக்கு 4,400 ரூபாய். எட்டு லட்சம் பிள்ளைகள் வரிசையில் நின்றாலும் 352 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் இது முக்கால் சதவீதம். அரிசியும் சமையலர் ஊதியமும் தனி. அவற்றைச் சேர்த்தாலும் மலைக்க வைக்கும் தொகை வராது. கூடமும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஒன்றிய அரசு பணம் தருவதில்லை. போஷண் திட்டம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. அப்படியிருந்தும் நாம் நம் காசில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் இரண்டு வகுப்பு கூடுதல், அவ்வளவே.

இதில் நாம் முந்தியிருக்க வேண்டும், ஆந்திரம் முந்திவிட்டது. 2025 ஜனவரியில் விஜயவாடாவின் பாயகாபுரம் அரசு ஜூனியர் கல்லூரியில் அமைச்சர் நாரா லோகேஷ் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அங்கே ஜூனியர் கல்லூரி என்பது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூதான். 475 கல்லூரிகள், 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கோதாவரிப் படுகையில் வழிப்போக்கர்களுக்கெல்லாம் அன்னமிட்டே பெயர்பெற்ற டொக்கா சீதம்மாவின் பெயரைத் திட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

செலவைக் குறைக்க ஒரு யோசனை உடனே வரும்: ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாமே, ரேஷன் அட்டையைப் பார்த்து. இதற்கு அமெரிக்காவைப் பார்த்தால் போதும். 1946-இல் சட்டம் போட்டுப் பள்ளி மதிய உணவைத் தொடங்கிய அந்த நாடு, வருமானத்தை வைத்துப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தது: முழு இலவசம், குறைந்த விலை, முழு விலை. விண்ணப்பம் நிரப்பாத ஏழைப் பெற்றோர், கட்டணம் கட்டாததால் கடனில் விழுந்த குடும்பங்கள், பாக்கிக்காக எல்லார் முன்னிலும் தட்டு பறிக்கப்பட்ட குழந்தைகள் என்று அது போய் நின்றது. பிள்ளைகளை இப்படி அவமானப்படுத்தக் கூடாது என்று 2017-இல் நியூ மெக்சிகோ மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பிறகு கலிஃபோர்னியா, மெய்ன், மின்னசோட்டா என ஒவ்வொரு மாநிலமாக, வருமானம் கேட்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நாம் 1982-லேயே வந்து சேர்ந்த இடம் அது. பதினாறு வயதில் கௌரவம் மூக்கின்மேல் இருக்கும். அந்த வயதுப் பிள்ளையிடம் ‘நீ ஏழை’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் அவன் பட்டினி கிடப்பானே தவிர வரிசையில் நிற்க மாட்டான்.

கௌரவம் பற்றிப் பேசும்போது சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்றும் ‘சத்துணவு சாப்பிடுறவன்’ என்பது பல பள்ளிகளில் கேலிச் சொல்தான். ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே பசியோடு ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவர்களை வரவைக்க ஒரே வழி, சாப்பாடு நன்றாக இருப்பது. 2013-இல் போட்ட பட்டியலில் இருக்கும் பிரியாணியும் புலாவும் உரிய நாட்களில் தட்டுக்கு வந்து சேர்கின்றனவா என்பதை மாவட்ட ஆட்சியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சாம்பாரும் கட்டி விழுந்த சோறுமாக இருந்தால் பிளஸ் டூ வரை நீட்டுவதற்கான அரசாணை காகிதத்தோடு நிற்கும்.

அந்தச் சாப்பாட்டை யார் சமைப்பது என்பதுதான் திட்டத்தின் மிகப் பலவீனமான இடம். ஒரு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்ப்பதாகவும், உதவியாளர் இடம் ஆண்டுக்கணக்கில் காலி என்றும் சத்துணவு ஊழியர் சங்கங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தது. தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். நாளொன்றுக்கு நூறு ரூபாய். நூறு நாள் வேலையின் அன்றைய கூலியே இதைவிட மூன்று மடங்குக்கும் மேல். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அடுப்படியில் வெந்து சமைக்கிற பெண்ணுக்கு இந்தக் கூலி கொடுத்துவிட்டு, இன்னும் இருநூறு தட்டைச் சேர்த்துக்கொள் என்று சொல்ல எந்த அரசுக்கும் முகம் இருக்கக் கூடாது. விரிவாக்கம் வந்தால் காலியிடங்களை நிரப்புவதும் நியாயமான ஊதியமும் அதே அரசாணையில் வர வேண்டும்.

சாதியைத் தொடாமல் தமிழ்நாட்டில் சோற்றைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2018-இல் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டார்கள். அந்த வழக்கில் ஆறு பேருக்குத் தண்டனை கிடைக்க 2025 ஆகிவிட்டது. 2023-இல் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி கிராமத்தில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. காமராஜர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரத்தின் வட்டாரம்தான் அது.

இது விரிவாக்கத்துக்கு எதிரான வாதம் ஆகாது. கையில் சாதி நிறக் கயிறு ஏறுவது மேல்நிலை வகுப்புகளில்தான் அதிகம். நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவரையும் அவருடைய தங்கையையும் 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து வெட்டியவர்களில் சக மாணவர்களும் உண்டு. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, நிறக் கயிறுகளுக்குத் தடை விதிக்கச் சொன்னது. தடை இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைத் தின்னும் பழக்கத்தைச் சிறுவயதில் கொடுத்துவிட்டு, சாதி தலைக்கேறும் வயதில் பிரித்து அவரவர் டிபன் பாக்ஸுக்கு அனுப்புகிறோம். பந்தியை நீட்டினால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல நான் அப்பாவியில்லை. ஆனால் பந்தியைச் சுருக்கினால் யாருக்கு லாபம் என்று தெரியும்.

1982-இல் சத்துணவுத் திட்டத்தை வாக்குக்கான வித்தை என்று எழுதியவர்கள் இருந்தார்கள். கஜானா காலியாகும் என்றவர்கள் இருந்தார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-இல் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறியது. நிதி இல்லை என்ற பதிலை அன்றைக்கே ஏற்றிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

சத்துணவைப் பிளஸ் டூ வரை நீட்டுவது, அரசாணையில் ஒரு எண்ணை மாற்றினால் ஆகிற வேலை. ஆனால் கேட்காமல் எந்த அரசும் மாற்றாது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தீர்மானம் போட அதற்கு உரிமை உண்டு. கிராம சபை இருக்கிறது. உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் எத்தனை பேர், மதியம் சாப்பிடாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையோடு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.